மசக்கைதானே!

நான்கு நாட்களாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. விழுங்கிய ஒரு வாய்க் கஞ்சி மறுநொடியே வெளியே வந்துவிட்டது. எழுந்தால் தலை சுழல்கிறது. படுத்தால் குடல் புரள்கிறது. கண் குழிவிழுந்து, உதடு வெடித்து, கைவளை கழன்று விழுமளவுக்கு மெலிந்து, சுவரோரம் சுருண்டு கிடக்கிறாள் ஒரு பெண். பார்க்க வந்தோர் பார்க்கின்றனர், புன்னகை புரிகின்றனர், "மசக்கைதானே!" என்கின்றனர்; காப்பி அருந்திவிட்டுப் போய்விடுகின்றனர்.

அந்தத் 'தானே' இருக்கிறதே, அதன்மீதுதான் நமக்குச் சினம்! வீட்டு ஆண்மகனுக்கு இரண்டு முறை வாந்தி வந்துவிடட்டும், பார்க்கலாம். ஆட்டோ அழைக்கப்படும், இளநீர் வெட்டப்படும், மருத்துவர் எழுப்பப்படுவார், அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் பறக்கும். அதே வீட்டில் ஒரு பெண் நாளொன்றுக்கு இருபது முறை வாந்தியெடுத்தால் அதற்குப் பெயர் மங்கலம்! வீடு மகிழ்கிறது, இனிப்பு வழங்குகிறது, அவளோ இனிப்பின் மணம் எட்டாத மூலை எங்கே என்று தேடித் தவழ்கிறாள். இதை நாம் மூடநம்பிக்கை என்று சொல்கிறோம். கற்சிலைக்குப் பால் ஊற்றுவது மட்டுந்தானா மூடநம்பிக்கை? நோயை நோயென்று ஒப்பாதிருப்பதும், துன்பத்தைச் சடங்கென்று எண்ணிச் சிரிப்பதும் அதனினும் கொடிய மூடநம்பிக்கையன்றோ!

முதலில் ஒன்றைப் பிரித்துக் காண்போம். கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேருக்குக் குமட்டல் உண்டு. காலையில் புரட்டும், சில மணங்கள் பிடிக்கா, நான்காம் ஐந்தாம் திங்களில் பெரும்பாலோர்க்கு அடங்கிவிடும். அது மசக்கை. ஆனால், நூற்றில் ஒருவர், கணக்கிடும் முறைக்கேற்ப மூவர் வரையில், அடையும் நிலை அதுவன்று. மருத்துவ நூலார் அதை ஹைபர்எமிசிஸ் கிராவிடாரம் என்பர். நாம் கடுமசக்கை என்போம். கருவுறுவதற்கு முன்னிருந்த எடையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஐம்பது கிலோ இருந்தவள் சில கிழமைகளில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இழந்து நிற்கிறாள். உடலில் நீர் வற்றுகிறது. உப்புகளின் அளவு குலைகிறது. உணவில்லாத உடல் தன் கொழுப்பையே எரித்துக்கொள்ள, சிறுநீரில் கீட்டோன் இறங்குகிறது. சிலருக்குப் பிள்ளை பிறக்கும் நாள்வரை இது நீங்குவதில்லை. மழைத் தூறலும் பெருவெள்ளமும் நீர்தான், வெள்ளத்தில் மிதப்பவளைப் பார்த்து, "தூறல்தானே!" என்று குடைபிடித்துப் போகிறவனை என்னென்று அழைப்பது?

பழந்தமிழ்ப் புலவரைப் பழிக்க நாம் வரவில்லை. கச்சிப்பேட்டு நன்னாகையார் என்னும் பெண்பாற் புலவர், குறுந்தொகையில் கார்முகிலைப் பாடும்போது, பச்சைப் புளிக்கு ஏங்கி நடக்கவும் மாட்டாமல் தளரும் சூல்மகளிரை உவமை காட்டினார். கண்ணால் கண்டவர் சொல்லும் சொல் அது. புறநானூற்றிலே குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மண்ணைப் பகைவர் தீண்டவியலாது, கருவுற்ற மகளிர் ஆசையால் உண்டால்தான் உண்டு என்று வாழ்த்தினார். தொல்காப்பியம் 'வயா' என்ற சொல்லுக்குச் சொன்ன பொருளும் வேட்கையின் பெருக்கமே. ஆசையைக் கண்டது இலக்கியம். புளியைக் கண்டது, மண்ணைக் கண்டது. வாந்தியை எழுதியவரைத் தேடித்தான் பார்க்கவேண்டும்! இலக்கியத்துக்கு அது அழகில்லை என்று விட்டிருக்கலாம். வாழ்க்கையும் அவ்வாறே விட்டுவிட்டதுதான் கேடு.

விட்ட இடத்தை நிரப்ப வந்தன சாத்திரமும் சடங்கும். மயிலைக்கு வாருங்கள், தோழர்களே! கபாலியின் கோபுரத்தைச் சுற்றியிருக்கும் மாடவீதிகளில் படித்தவர்க்குப் பஞ்சமில்லை. வழக்கறிஞர் உண்டு, கணக்காயர் உண்டு, கடல் கடந்து கணிப்பொறி இயக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் உண்டு. அந்த வீடுகளிலே ஒரு மருமகள் மூன்று நாள் உணவின்றிக் கிடந்தால் முதலில் வருவது என்ன? கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும். அடுத்து வருவது மந்திரித்த கயிறு. அதற்கடுத்து, பாபநாசத்தருகே திருக்கருகாவூர்க் கோயிலுக்கு வேண்டுதல். கருவைக் காக்கும் அம்மை என்று அங்கே ஒரு தேவி. பிள்ளை வேண்டுவோர்க்கு நெய் உண்டாம். பேறு எளிதாக விளக்கெண்ணெய் உண்டாம். கருவுறும் நாளுக்கும் பெறும் நாளுக்கும் இடையே துடிக்கிறாளே, அந்தத் திங்களுக்கு அவளுக்குக் கிடைப்பது 'பொறுத்துக்கொள்' என்ற மந்திரம்!

சடங்குகள் அத்தோடு முடிகின்றனவா? சீமந்தம் என்கின்றனர். அதனோடு சேர்த்துப் பும்சவனம் என்கின்றனர். ஆலமரத்துத் தளிரை நசுக்கி, அதன் சாற்றைக் கருவுற்றவளின் வலது மூக்கில் பிழிவதாம். பிழிந்தால் ஆண் பிறக்குமாம்! கிருகிய சூத்திரங்கள் வகுத்த முறை. இன்றும் மின்விளக்கின் கீழே, குளிர்பதன மண்டபத்திலே, வீடியோ எடுக்க, நடைபெறும் முறை. மணம் பட்டாலே குடல் திரும்பும் ஒருத்தியை ஓமப்புகையின் முன்னே உட்காரவைத்து, மூக்கிலே சாற்றைப் பிழிகிறார்களே, இதைப் பகைவனுக்குச் செய்தால் சித்திரவதை என்று வழக்குப் போடமாட்டார்களா?

குறிசொல்லும் வேலை வேறு நடக்கிறது. "வாந்தி மிகுதியா? பிள்ளைக்குத் தலைமுடி அதிகம்" என்பார் ஒருவர். "முகம் வாடியிருக்கிறது, பெண்தான்" என்பார் இன்னொருவர். பெருந்தொகையான பேறுகளைக் கணக்கெடுத்த ஆய்வுகளில், கடுமசக்கையால் மருத்துவமனை சேர்ந்தோரிடையே பெண்மகவு சிறிதே கூடுதலாகத் தெரிந்தது உண்மைதான். ஆயிரக்கணக்கானோரை ஒருங்கே வைத்துப் பார்த்தால் தெரியும் மெல்லிய சாய்வு அது. இந்த வீட்டில், இந்த வயிற்றில் இருப்பது இன்னதென்று சொல்ல அது உதவாது. ஆனால், 'பெண்தான்' என்று சொல்லிவிட்ட மறுநாள் முதல் அவளுக்கு வரும் கஞ்சியின் சூடு குறைகிறதே, அதை நாம் அறிவோம். கருவின் பாலறிந்து சொல்லும் மருத்துவரைத் தண்டிக்க 1994-இல் சட்டம் வந்தது. வாசற்படியில் நின்று பால்கூறும் கிழவாயை எந்தச் சட்டம் அடைக்கும்?

"எங்கள் பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்றனர், டிரிப்ஸ் ஏற்றினார்களா?" என்று கேட்பார் உண்டு. நன்று! பெற்றுப் பிழைத்த பாட்டியின் பேரன் நீ. அதனால் கேட்க வாய் இருக்கிறது. பெறாமலே மாண்டவளுக்குப் பேரன் ஏது, அவன் வந்து மறுத்துரைக்க? கணக்கு வைத்திருந்த நாடு இங்கிலாந்து. அங்கே 1931 முதல் 1940 வரையிலான ஆண்டுகளில், பத்து லட்சம் பேறுகளுக்கு 159 பெண்கள் இந்த வாந்தியாலேயே மாண்டனர். 1951 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் அத்தொகை 3 ஆயிற்று. இருபது ஆண்டில் எந்தத் தேவதை இறங்கி வந்தது? எந்தத் தலத்து நெய் போயிற்று? நரம்புவழியே ஏற்றிய உப்புநீரும், இரத்தத்தின் உப்பளவைச் சோதித்தறியும் முறையும், உடனுக்குடன் மருத்துவமனை சேர்க்கும் வழக்கமுமே பெருங்காரணம்.

இங்கிலாந்து என்றவுடன் அங்கெல்லாம் அறிவு ஆறாகப் பாய்ந்தது என்று மயங்கவேண்டா. பூணூல் அணிந்த மூடத்தனம் உண்டு என்றால், வெள்ளை அங்கி அணிந்த மூடத்தனமும் உண்டு. 'ஜேன் அயர்' எழுதிய சார்லட் பிராண்டி அம்மையார், மணமாகி ஓராண்டும் நிறையுமுன், 1855 மார்ச் 31-இல், கருவுற்ற நிலையில் 38-ஆம் வயதில் மாண்டார். இறப்புச் சான்றில் காசம் என்று எழுதினர். ஓயாத குமட்டலும் வாந்தியுமாக அவர் கிடந்த கிடையைப் படித்த மருத்துவ வரலாற்றாளர் பலர், இது கடுமசக்கையே என்று கருதுகின்றனர். ஐரோப்பாவின் புகழ்பெற்ற பேனாவொன்று இப்படிச் சாய்ந்தது.

அதன்பின் அறிஞர் சிலர் வந்தனர். பிராய்டின் உளப்பகுப்பைக் கற்றவர்கள். அவர்கள் கண்ட காரணம் என்ன தெரியுமா? அந்தப் பெண்ணின் உள்மனத்துக்குப் பிள்ளை வேண்டாவாம்! கணவனை வெறுக்கிறாளாம்! பெண்மையையே ஏற்க மறுக்கிறாளாம்! ஆகவே வாந்தியாக வெளித்தள்ளுகிறாளாம்! இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இதை மருத்துவம் என்று எழுதினர். தனியறையில் அடை, தாயைப் பார்க்க விடாதே, கணவனை உள்ளே விடாதே என்றனர். வாந்தியெடுக்கக் கிண்ணமும் கொடாதே, தன் வாந்தியிலேயே கிடந்தால் புத்தி வரும் என்று கட்டளையிட்ட மருத்துவரும் இருந்தனர். நம் ஊர் பூசாரி 'பேய்' என்றான். அவ்வூர் மருத்துவர் 'மனம்' என்றார். இருவரும் கைநீட்டிய திசை ஒன்று: குற்றவாளி அவள்!

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 1999-இல் அமெரிக்காவிலே மார்லீனா ஃபெய்சோ என்னும் மரபணு அறிஞர் கருவுற்றார். கடுமசக்கை. நிற்கவியலாது, விழுங்கவியலாது. அவருடைய மருத்துவரோ, கவனத்தை ஈர்க்க மிகைப்படுத்துகிறார் என்று எண்ணினார். கரு அழிந்தது. அறிவியல் கற்ற ஒரு பெண்ணின் சொல்லுக்கே அத்தனை மதிப்பென்றால், நம் அடுப்படியில் புழுங்கும் அன்னம்மாவின் சொல்லுக்கு என்ன மதிப்பிருக்கும்! ஆனால் அந்த அம்மையார் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. காரணம் எது என்று தேடப் புறப்பட்டார். பல்லாயிரம் பெண்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளியாயிற்று, ஜி.டி.எஃப்.15 என்னும் இயக்குநீரின் மரபணுவை அது சுட்டிக்காட்டிற்று. 2023 டிசம்பரில், கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓராகிலி முதலானோருடன் சேர்ந்து 'நேச்சர்' ஏட்டில் விளக்கமாக எழுதினார்.

அந்த விளக்கம் இது. ஜி.டி.எஃப்.15 நம் எல்லோர் உடலிலும் சிறிதளவு உண்டு. கரு உண்டானதும், கருவும் நச்சுக்கொடியும் அதை ஏராளமாகச் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. மூளையின் பின்புறத்தே அதற்கென்று ஓர் ஏற்பி இருக்கிறது. அங்கே சென்று தட்டினால் குமட்டல் பிறக்கிறது. கருவுறுமுன் எவளுடைய உடலில் அது மிகக் குறைவாக இருந்ததோ, அவளுக்கு அந்தத் திடீர்ப் பெருக்கு தாங்கவில்லை. முன்பே மிகுதியாக இருந்து பழகியவளுக்கோ தொல்லை குறைவு. இதைச் சோதிக்க அவர்கள் எங்கே போனார்கள்? நம் அண்டை நாடாம் இலங்கைக்கு! தலசீமியா என்னும் இரத்தக் குறைபாடு உள்ளோர்க்கு ஜி.டி.எஃப்.15 எந்நாளும் மிகுந்திருக்கும். அங்கே அக்குறைபாடுள்ள தாய்மாரிடம் கேட்டபோது, மசக்கைத் தொல்லை மற்றவரைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. பேயும் இல்லை, கண்ணேறும் இல்லை, கணவன்மேல் வெறுப்பும் இல்லை. ஒரு புரதம், ஓர் ஏற்பி, அவ்வளவே!

காரணம் அறிந்தாயிற்று, அந்த இயக்குநீரையே தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. அதுவரை கைகட்டி இருக்கவேண்டுமா? இல்லை. டாக்சிலமின், பைரிடாக்சின் இரண்டும் சேர்ந்த மாத்திரை, நம் ஊர் மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைப்பது, நெடுநாள் பயின்ற மருந்து. அதற்கும் மேலே வேறு வேறு மருந்துகள் உண்டு. எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால், "கருவுற்றவள் மாத்திரை தொடலாகாது" என்று தடுப்போர் ஒரு பக்கம். அவர்கள் அச்சத்துக்கு வரலாறு உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு, மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. கைகால் வளராத பிள்ளைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், பல நாடுகளில் பிறந்தனர். 1961-இல் அதை அங்கே விற்பனையிலிருந்து நீக்கினர். அமெரிக்காவில் பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, சான்று போதாது என்று சொல்லி ஒப்புதல் தர மறுத்து நின்றதால் அந்நாடு பெரும்பாலும் தப்பிற்று. இந்த வரலாறு கற்பிப்பது என்ன? மருந்தே கூடாது என்பதா? சோதித்தறிந்த மருந்தை உட்கொள் என்பதா? பின்னதே என்று சொன்னார் கெல்சி. முன்னதே என்று கொண்டது அச்சம். அதனால் 1983-இல், தீங்கு செய்ததாக மெய்ப்பிக்கப்படாத டாக்சிலமின் மாத்திரையையும் வழக்குகளுக்கு அஞ்சி அமெரிக்காவில் நிறுத்தினர். விளைவு, வாந்தியால் மருத்துவமனை சேரும் பெண்கள் தொகை உயர்ந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2013-இல், அதே மருந்து அங்கே திரும்பி வந்தது! அஞ்சியவர்கள் நீதிமன்றத்தில் இருந்தனர். வாந்தியெடுத்தவர்கள் வீட்டில் இருந்தனர்.

இன்னொரு செய்தியை இளைஞர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எவருக்கு எது வந்தாலும், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று தெருமுனை மருந்தகத்தில் கேட்கும் பழக்கம் உண்டு. கிழமைக்கணக்கில் உண்ணாதவளுக்கு அது ஆபத்தாகக்கூடும். தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து நம் உடலில் இரண்டு மூன்று கிழமைக்குமேல் சேமிப்பில் நில்லாது. அது வற்றியிருக்கும் நேரத்தில் குளுக்கோசை மட்டும் ஏற்றினால், எஞ்சியதும் தீர்ந்து மூளை தாக்குண்ணலாம். 1881-இல் வெர்னிக்கே என்ற ஜெர்மானியர் விளக்கிய நோய் அது: பார்வை இரட்டையாகும், கண்மணி நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், ஆளடையாளம் தெரியாது. இங்கே அதற்கு என்ன பெயர் சூட்டுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "பிடித்துக்கொண்டது" என்று வேப்பிலை அடிப்பர்! அவளுக்கு வேண்டியது வேப்பிலையன்று. குளுக்கோசுக்கு முன்னே ஓர் ஊசி தயமின்.

தயமின் என்றதும் மயிலையின் அரிசி நினைவுக்கு வருகிறது. நெல்லைப் புழுக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்னூரில் ஆராய்ந்த மக்கரிசன், பெரிபெரி நோயை அரிசியோடு தொடர்புபடுத்தி எழுதியது இதைப் பற்றியே. உழவனும் கூலியும் உண்ட புழுங்கலில் சத்து இருந்தது. ஆசாரமோ, புழுங்கல் முன்பே வெந்தது, ஆகவே தீட்டு, நோன்புக்கும் திவசத்துக்கும் ஆகாது என்றது. ஆசாரம் எத்தனை நுட்பமாகத் தன் பிள்ளைகளையே பட்டினி போட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

எங்கே போவது என்று கேட்பீர். மயிலையிலிருந்து கடற்கரைச் சாலையில் சிறிது தொலைவு வடக்கே வந்தால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி. அங்கே நிற்கிறது கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை. முதியோர் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்பர். அதன் பிறப்புப் பெயரைக் கேளுங்கள்: 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை'! 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற கட்டுக்குள் கிடந்து மாளும் பெண்களைக் காக்க 1885-இல் தொடங்கி வைத்தார். அவர் உள்ளம் நல்லுள்ளம். ஆனால், நோயாளி வருவதற்கு முன்னே சாதி வந்து வாசலில் பெயர்ப்பலகையாகத் தொங்கியதே, அதை மறக்கலாமா? இன்று அந்தப் பலகை இல்லை. எவரும் போகலாம், காசில்லாமல் போகலாம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கும் போகலாம். அந்த எழும்பூரில், பெண்ணாகப் பிறந்ததால் பள்ளியிலும் கல்லூரியிலும் தடைகளைத் தகர்த்துவந்த முத்துலட்சுமி அம்மையார் மருத்துவப் பணி தொடங்கினார். அவர் பெயரால்தான் அரசு பேறுகால உதவி வழங்குகிறது. பணமும் சத்துப் பெட்டகமும் வருகின்றன, வரவேற்கிறோம். ஆனால், நீரே தங்காத வயிற்றுக்கு நெய்யும் சத்துமாவும் எதற்கு? இரும்பு மாத்திரை குமட்டலைப் பெருக்கினால், மருத்துவரைக் கேட்டுச் சில காலம் நிறுத்திவைக்கலாம் என்பதையும், ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடரலாம் என்பதையும் அந்தப் பெட்டகத்திலே ஒரு தாளில் அச்சிட்டு வைத்தால் என்ன? ஒருநாள் முழுதும் நீர் தங்கவில்லையென்றால், எட்டு மணி நேரம் சிறுநீர் கழியவில்லையென்றால், எழுந்ததும் மயங்கினால், வாந்தியில் இரத்தம் வந்தால், நள்ளிரவாயினும் மருத்துவமனை! இதற்கு நாலு வரி போதுமே.

இப்போது நம் பக்கத்துத் தோழர்களிடம் ஒரு சொல். மேடையிலே பெண்ணுரிமை முழங்கி, தாலியில்லாமல், ஐயர் இல்லாமல், மாலை மாற்றிச் சீர்திருத்த மணம் புரிந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். 1967-இல் அண்ணா அரசு சட்டமாக்கிய மணம். நன்று. ஆனால், அவர் துணைவி தாளிக்கும் கடுகின் வாடைக்கே குடல் பிரண்டு ஓடுகிறாள், ஓடிவந்து மீண்டும் கரண்டி பிடிக்கிறாள், தோழரோ ஏட்டிலே பெண் விடுதலைத் தலையங்கம் படித்துக்கொண்டு, "காப்பி ஆயிற்றா?" என்கிறார்! மந்திரம் போயிற்று, மனு போகவில்லை. அந்த வீட்டில் அடுப்பைத் தோழர் ஏற்கவேண்டும். எண்ணெய் காயும் வேலையை அவள் உறங்கும் அறைக்குத் தொலைவில், சாளரம் திறந்து செய்யவேண்டும். எதைத் தின்னமுடியும் என்று அவளையே கேட்கவேண்டும். மோரோ, பொரியோ, குளிர்ந்த தயிர்ச்சோறு இரண்டு வாயோ, மணிக்கொரு தரம் சிறிதே கொடுக்கவேண்டும். ஊதுவத்தி, சாம்பிராணி, மாமியாரின் வெள்ளிக்கிழமைக் கற்பூரம் இவையெல்லாம் சில திங்கள் ஓய்வு கொள்ளட்டும். எந்தக் கடவுளும் அதனால் இறங்கிப் போய்விடாது. கிண்ணத்தைக் கழுவவேண்டும். ஆம், அந்தக் கிண்ணத்தைத்தான்!

இத்தனையும் செய்தும் தாங்காது போவோர் உண்டு. வேண்டிப் பெற்ற கருவையே, உயிர் தாங்காமல், கலைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர் உலகெங்கும் உண்டு. அவளைக் கொலைகாரி என்பவர் அவளருகே ஓர் இரவு விழித்திருந்தாரா? 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ பெருங்கேடு வருமென்றால் மருத்துவர் வழி கருவைக் கலைக்க இடந்தருகிறது. பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவளுடைய ஒப்பம் ஒன்றே போதும் என்பதும் அதே சட்டம். ஆனாலும் கணவன் கையெழுத்து எங்கே என்று கேட்கும் மேசைகள் இருக்கின்றன. அடையாற்றுக் கரையிலே பெரிய ஆலமரமும் பிரம்மஞான சபையும் காணலாம். அச்சபைக்கு 1907 முதல் தலைவராயிருந்த அன்னி பெசன்ட் அம்மையார், 1877-இல், கருத்தடை பற்றிய நூலை பிராட்லாவோடு சேர்ந்து வெளியிட்டதற்காக லண்டனில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்; பெற்ற மகளையும் அதனால் பிரிய நேர்ந்தவர். பகுத்தறிவாளராயிருந்த நாளில் அவ்வளவு துணிவு! பிரம்மஞானம் வந்தபின் தம் கருத்தடை நூலைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஞானம் எதை எடுத்துக்கொண்டு எதைக் கொடுத்தது என்பதை அடையாற்று ஆலமரம்தான் சொல்லவேண்டும்.

அடையாறு கடந்து தியாகராய நகர் வருவோம். அங்கே தெருவுக்குத் தெரு நம் பெரியோர் பெயர். வெள்ளுடை வேந்தர் தியாகராயர் பெயரால் ஊர். பனகல் அரசர் பெயரால் ஒரு பூங்கா. நடேசனார் பெயரால் ஒரு பூங்கா. 1929-இல் செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைமையேற்ற சவுந்தரபாண்டியனார் பெயரால் பாண்டி பசார். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று முழங்கிய மாநாடு அது. அந்தப் பெயர்களின் நிழலில், இரங்கநாதன் தெருவின் துணிக்கடை மாடிகளில் என்ன காண்கிறோம்? காலை முதல் இரவுவரை நிற்கும் பெண்கள். சாயமணம், கூட்டம், இரைச்சல், படிக்கட்டு. வசந்தபாலன் 2010-இல் 'அங்காடித் தெரு' என்று படமெடுத்துக் காட்டினார். நாடு கண்ணீர் விட்டுவிட்டு மறு ஞாயிறு அதே தெருவுக்குப் புடவை வாங்கப் போயிற்று. அங்கே நிற்பவள் மூன்று திங்கள் கருவுற்றவளாக இருந்தால்? ஐந்து நிமிடத்துக்கொரு முறை கழிவறைக்கு ஓடவேண்டியவளாக இருந்தால்? மேற்பார்வையாளரிடம் அவள் என்ன சொல்வாள்? சொன்னால் அவர் என்ன சொல்வார்? நமக்குத் தெரியும்: "மசக்கைதானே!" மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் அவள் இடத்தில் வேறொருத்தி.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிலே கடைப்பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினர். 2018-இல் கேரளம் சட்டம் திருத்திற்று. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் திருத்திற்று: கடைகளில் பணிபுரிவோர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்பது இன்று இம்மாநிலத்தின் சட்டம். பேறுகால நலச் சட்டம் 1961 முதலே, கருவினால் வரும் நோய்க்கென்று ஊதியத்தோடு ஒரு திங்கள் விடுப்பைத் தனியே வைத்தது; பேற்றுக்கான விடுப்புக்கு மேற்பட்டது அது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த ஒரு திங்களை அப்படியே வைத்திருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலைசெய்யும் கடை எதுவும் இதற்குப் புறம்பன்று. பேற்றுநாளுக்கு முந்திய ஓராண்டில் எண்பது நாள் வேலை செய்திருந்தால் போதும். மருத்துவர் சான்று வேண்டும். இந்த ஒரு திங்களை அறிந்த கடைப்பெண் எத்தனை பேர்? அறிந்து கேட்ட கடைப்பெண் எத்தனை பேர்? கேட்டுப் பெற்றவள் ஒருத்தியைக் காட்டுவாரா அங்காடி வேந்தர்கள்?

தோழர்களே, ஞாயிறுதோறும் தியாகராய நகரில் திரள்கிறோம். இனிச் செல்லும்போது ஒன்று செய்வோம். துணியை விலைபேசும் முன்னே, அந்தத் தளத்தில் முக்காலி ஒன்று எங்கே கிடக்கிறது என்று பார்ப்போம். இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு எழுதுவோம். ஒரு திங்கள் விடுப்பைப் பற்றிய அறிவிப்பைத் தமிழில், பெண்கள் உடைமாற்றும் அறையில், கண்ணில் படும் உயரத்தில் ஒட்டச் சொல்லிக் கேட்போம். முதலாளி அறையிலே மாலை சூட்டிய படங்களுக்கு இடமிருக்கிறது. அந்தத் தாளுக்கு ஒரு சாண் சுவர் இல்லையா?